வீட்டில் எத்தனை பேர்?

தேர்தல் காலம் வந்தால் எங்கள் தெருவின் புல்வெளிகளில் பெயர்ப்பலகைகள் முளைத்துவிடும். நான் நெடுங்காலமாக வாழ்கிற இந்த அமெரிக்கச் சிறு நகரத்தில், யாருக்கு வாக்களிக்கப் போகிறோம் என்பதை வீட்டு முற்றத்தில் நட்டு வைத்துவிட்டு ஆட்கள் நிம்மதியாக வேலைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக் கேரி புல்லுக்குத் தண்ணீர் விடும்போது, தன்னுடைய பலகை நனைந்துவிடாமல் குழாயைத் திருப்பிப் பிடிப்பதைக் குசினி யன்னலால் பார்த்திருக்கிறேன். ஒருநாள் காலை அவர் மேலதிகமாக ஒரு பலகையுடன் வந்து, "உங்கள் பக்கமும் ஒன்று நடட்டுமா?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் இதை வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளமாட்டோம்" என்றேன். நான் எதிர்க்கட்சிக்காரன் என்று அவர் விளங்கிக்கொண்டார். அதுவரை காரில் போகும்போது என்னைக் கண்டால் கை காட்டிய மனிதர் இப்போது காட்டுவதில்லை.

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் வன்னியில், வட்டக்கச்சியில் பிறந்தவன். முன்பின் தெரியாத ஒருவர் பேனையும் கையுமாகப் படலையடியில் வந்து நின்றால் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் ஒரேயடியாக ஞாபகமறதி வந்துவிடும். வந்தவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் சரி, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெயர் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வோம். அப்படி ஒன்றும் தெரியாமல் இருந்ததால்தான் எங்களில் பலர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம். இதைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் நான் இதை எழுதுவது கோபத்தில். ஆறட்டும் என்று சில மாதங்கள் பொறுத்தும் பார்த்தேன், ஆறவில்லை.

இங்கே ஒரு கல்லூரியில் நான் தரவு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஊரில் நடக்கிறவற்றை எண்களாகச் சேர்த்து, அந்த எண்களைக் கொண்டு ஊருக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிற படிப்பு அது. அதே கல்லூரியில் டெப்ரா என்பவர் அமெரிக்க அரசியல் படிப்பிக்கிறார். இரண்டையும் சேர்த்து நாங்கள் இருவரும் ஒரே வகுப்பாக நடத்துகிறோம். தொகுதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள், கருத்துக்கணிப்பை எப்படி எடுக்கிறார்கள், ஓர் ஆளை எந்த ஊரில் எண்ணுகிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்பதெல்லாம் பாடம். இந்த வகுப்பில் கிளிநொச்சிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று கல்லூரியில் இரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் சம்மதித்தார்கள். இங்கே சனிக்கிழமை காலையில் எங்கள் மாணவர்கள் கோப்பியோடு வந்து அமர, அங்கே சனிக்கிழமை மாலையில் கிளிநொச்சியின் கண்டி வீதியில் ஒரு ரியூசன் வகுப்பு மாடியில் பட்டம் முடித்த பிள்ளைகள் திரைக்கு முன்னால் அமர்ந்தார்கள். கிளிநொச்சியில் மிகச் சிறந்த ஆய்வைச் செய்கிற ஒருவருக்கு எங்கள் கல்லூரியில் முதுகலைப் படிப்புக்கு இடம், கட்டணம் எதுவும் இல்லை. அந்த அறிவிப்பைத் தமிழில் சொன்ன நாளில் நான் பெருமையோடு இருந்த இருப்பை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

அந்த இடம் யாருக்கு என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருக்கவில்லை. நிலானி வட்டக்கச்சிப் பிள்ளை. என் அக்காவின் வீட்டுக்கு நாலைந்து வேலி தள்ளி வீடு. கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நேரே வகுப்புக்கு வருவாள். "இன்னும் கொஞ்ச வருசம் அந்த மெசினுக்கு முன்னால இருந்தா எனக்கு யோசிக்கிறதே மறந்துபோயிடும் சேர்" என்று ஒருமுறை சொன்னாள். பாடத்தை நான் சொல்லி முடிக்குமுன்பே அடுத்த கேள்வியோடு நிற்கிறவள். அவளுக்கு அடுத்தபடி என்றால் றியாஸ். முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பாதிப் பேர் திரும்பி வந்தவர்கள். வாய் சும்மா இருக்காத பையன்.

ஒரு சனிக்கிழமை டெப்ரா குடிசன மதிப்பீடு பற்றிப் படிப்பித்தார். அமெரிக்காவில் ஓர் ஆள் வழமையாக எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். சிறையில் இருப்பவரைச் சிறை இருக்கிற ஊரோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் அவருக்கு வாக்கு இல்லை, ஆனால் அவருடைய தலையை எண்ணித்தான் அந்த ஊருக்குப் பலம் கூடுகிறது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கிளிநொச்சி மாடி சிரித்தது. "எங்கட வாப்பாவையும் இப்பிடித்தான் சேர். அவர் படுத்தது புத்தளத்தில, அவற்ற மனசு படுத்தது முல்லைத்தீவில" என்றான் றியாஸ். டெப்ராவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மனம் எங்கே படுக்கிறது என்று கேட்க அவர்களுடைய படிவத்தில் இடம் இல்லை.

பிறகு ஆய்வு. உங்கள் ஊரில் எதையாவது எண்ணிக்கொண்டு வாருங்கள் என்பது அறிவுறுத்தல். முடியாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கத் தேர்தல் எண்களை எடுத்துக்கொள்ளலாம். பலரும் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள், றியாஸ் உட்பட. அமெரிக்காவின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அழகாகக் கழுவித் துடைத்த எண்கள் கிடைக்கும். வன்னிக்கு என்ன கிடைக்கும்? நிலானி மட்டும் தன்னுடைய ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, நேற்றிரவு வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். சனத்துக்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. ஞாபகமறதி பிடித்த எங்கள் சனம் அவளுக்குப் படலையைத் திறந்து, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. தங்களுடைய பிள்ளை கேட்கிறது என்பதற்காகச் சொன்னது. வன்னியில் இதற்கு முன் யாருக்காவது இப்படி உண்மையான பதில்கள் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அனுப்பியதை வகுப்பில் திரையில் போட்டோம். டெப்ராவிடம் பிழை தேடும் ஒரு கணினி நிரல் இருக்கிறது; எண்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அந்த வரிசையைச் சிவப்பாக்கிவிடும். வீடு வீடாகச் சிவப்பு விழுந்தது. வீட்டில் ஐந்து பேர் என்றிருக்கும், சாப்பிட்டவர்கள் நாலு. வீட்டில் மூன்று, சாப்பிட்டது இரண்டு. ஒன்றிரண்டு வீடு என்றால் யாரோ வெளியே போயிருக்கலாம் என்று விடலாம். ஒழுங்கையின் பெரும்பகுதி இப்படி. எங்கள் மாணவன் டைலர், கெட்ட பையன் இல்லை, முன்வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டே "கோஸ்ட்ஸ்!" என்றான். பேய்கள். செத்தவர்கள் பெயரில் வாக்கு விழுகிறது என்று இங்கே தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கூச்சல் எழும். அவன் பிறந்ததிலிருந்து தொலைக்காட்சியில் அதைக் கேட்டு வளர்ந்தவன். வகுப்புச் சிரித்தது. திரையில் கிளிநொச்சி மாடி சிரிக்கவில்லை.

உங்களில் வன்னியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஒரு தாயிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவரைக் காணவில்லை என்று பிரித்துச் சொல்லமாட்டா. மூன்று என்பா. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாலும் அதே கணக்குத்தான். அதைச் சொல்லும்போது அழுவதுமில்லை, குரலைத் தாழ்த்துவதுமில்லை. கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை, செத்துவிட்டான் என்று எவரும் வந்து சொல்லவும் இல்லை; பிறகு எந்த அதிகாரத்தில் அவனை வீட்டுக் கணக்கிலிருந்து கழிப்பது? சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லமுடியாது. சாப்பிடாதவனைச் சாப்பிட்டான் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் இரண்டு எண்ணும் பொருந்தவில்லை.

சிவப்பு வரிசைகளில் ஒன்று நிலானியின் சொந்த வீடு. போர் முடிந்த கிழமையில், பெயர் கொடுத்துவிட்டு வரலாம் என்று இராணுவம் சொன்னதை நம்பி, தாய் தன் கையாலேயே பஸ்ஸில் ஏற்றிவிட்ட அண்ணன் அவளுக்கு. அப்போது அவள் சின்னப் பிள்ளை. அவள் இதையெல்லாம் வகுப்பில் சொல்லவில்லை. ஒலிவாங்கியைத் திறந்து, ஆங்கிலத்தை விட்டுவிட்டு, தமிழில் என்னோடு பேசினாள்.

"சேர், மிஸ்ஸுக்குச் சொல்லுங்கோ. மறியல்ல இருக்கிற ஆக்களை அடைச்சு வைச்சிருக்கிற இடத்தில எண்ணுறது எண்டு அவாதான் படிப்பிச்சவா. எங்களுக்கும் அது சம்மதம். எங்கட ஆக்களை எங்க அடைச்சு வைச்சிருக்கினம் எண்டு ஆரும் சொல்லட்டும். நாங்கள் இங்க வெட்டிப்போட்டு அங்க எண்ணுறம்."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டைலர் தலையைக் குனிந்துகொண்டான். டெப்ரா "ஐ ஆம் ஸோ ஸொறி" என்றார். பிறகு, நேரம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை சந்திப்போம் என்றார். திரை அணைந்தது.

வகுப்பு முடிந்ததும் கார் தரிப்பிடம்வரை அவருக்குப் பின்னால் போனேன். அவர் கல் நெஞ்சுக்காரி இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிற தெரிவுக்குழு இதை ஏற்காது என்றார். அந்த வீடுகளை எடுத்துவிட்டு, கீழே ஒரு குறிப்பாகக் காரணத்தைப் போடட்டும்; அல்லது சாப்பிட்ட எண்ணையே வீட்டு எண்ணாக மாற்றட்டும்; வேலை சுலபம், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அந்த வீடுகளை எடுத்தால் மிஞ்சுவது யாரையும் இழக்காத வீடுகள் மட்டும்தான், அப்படி ஓர் ஊர் வன்னியில் இல்லை என்றேன். ஒரே காரணத்துக்காகச் சிலரை விலக்கினால் மிச்சக் கணக்கு முழுவதும் பொய் என்பது நாங்கள் முதல் மாதமே படிப்பிக்கிற பாடம் என்றேன். "நீங்கள் சொல்வது சரி" என்றார். சரி என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். இந்த நாட்டில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். ஊரில் என்றால் சண்டை பிடிப்பார்கள். எதிர்த்து நாமும் சண்டை பிடிக்கலாம். இங்கே நீ சொல்வது சரி என்று தோளில் தட்டிவிட்டுத் தாங்கள் நினைத்ததைச் செய்வார்கள்.

அப்போது அவருடைய காரின் பின்கண்ணாடியைப் பார்த்தேன். இங்கே பலர் குடும்பத்தைச் சின்னச் சின்னக் கோட்டுப் படங்களாகக் காரில் ஒட்டியிருப்பார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், நாய். டெப்ராவின் காரில் கணவர், அவர், இரண்டு மகள்மார், கடைசியில் தலைக்கு மேல் ஒளிவட்டம் போட்ட ஒரு நாய். செத்துப்போன நாய். அதைக் குடும்பத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை என்று ஒருநாள் அவரே எனக்குச் சொல்லியிருந்தார், நானும் பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த நாயைக் காட்டிக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. வீட்டுக்கு வந்து சமையல் பாத்திரங்களோடு கத்தினேன்.

அடுத்த நாள் நிலானிக்குத் தொலைபேசி எடுத்து நிலைமையைச் சொன்னேன். எண்களை மாற்றாவிட்டால் இடம் கிடைக்காது, மாற்று என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், இருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். "அம்மாவோட கதையுங்கோ சேர்" என்று தாயிடம் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"தம்பி, முந்தி ஒரு ஐயா வந்தவர். மகன் இல்லை எண்டு மரணச் சான்றிதழ் எடுத்தா உதவி வரும் எண்டவர். இப்ப நீங்கள், அவனை வெட்டினா மகளுக்கு அமெரிக்கா வரும் எண்டுறியள். எல்லாருக்கும் ஏன் தம்பி அவனைத்தான் வெட்டவேணும்?"

"நான் வெட்டச் சொல்லேல்லை அம்மா."

"தெரியும். நீங்கள் அங்கத்தைய கதையைக் கொண்டு வந்தனீங்கள். இங்கத்தைய கதையை அங்க கொண்டுபோய்ச் சொல்லுங்கோ."

சொன்னேன். தெரிவுக்குழுவுக்கு நீண்ட விளக்கம் எழுதினேன், நேரிலும் போய்க் கதைத்தேன். "தரவின் தரம்" என்ற சொல்லை மரியாதையாகத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். இடம் றியாசுக்குப் போனது. இங்குள்ள ஓர் ஆற்றோர மாவட்டத்தில் மழை பெய்தால் வாக்களிப்பவர்கள் குறைகிறார்களா என்பது அவனுடைய ஆய்வு. நல்ல ஆய்வுதான், அவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செய்தியைச் சொல்ல எடுத்தபோது அந்த வாயாடி சொன்னது இவ்வளவுதான்: "சேர், நான் ஒரு வீட்டுப் படலையும் தட்டேல்லை. அதாலதான் எனக்கு ஒரு பிழையும் வரேல்லை."

இங்குள்ள எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னபோது பலர் என்னைத்தான் ஏசினார்கள். ஒரு பிள்ளையின் எதிர்காலம், ஓர் எண்ணை மாற்றியிருக்கலாமே, நீர் ஏன் இதை அரசியலாக்கினீர்? மேடை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, வருடத்துக்கு ஒருநாள் காணாமற்போனவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள்தான் அப்படிக் கேட்டார்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மேடையில் நீங்கள் சொல்கிற எண்ணிக்கை அந்த ஒழுங்கைகளில் இருந்து வந்ததுதான். மேடைக்கு மட்டும் அது வேண்டும், விண்ணப்பத்துக்கு வேண்டாமா?

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அக்காவும் அத்தானும் மகளும் இருக்கிற வீடு. எனக்கென்று ஓர் அறை, அதற்குள் பாதி இடத்தில் நெல்மூட்டை. வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டிலேயே நான் தொடங்கிவிட்டேன். அமெரிக்காவைத் திட்டினேன், தெரிவுக்குழுவைத் திட்டினேன். அக்கா சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"அந்தப் பிள்ளை வந்து கேக்கேக்க நானும் நாலு எண்டுதான் சொன்னனான்" என்றா.

"நீங்கள் மூண்டு பேர்தானே அக்கா?"

"உன்னையும் சேர்த்துத்தான்."

சிவப்பு விழுந்த வீடுகளில் என் வீடும் ஒன்று. நான் காணாமற்போனவன் இல்லை. நான் அமெரிக்காவில் எண்ணப்பட்டவன், வரி கட்டுகிறவன், வாக்குப் போடுகிறவன். என் தலையை எண்ணித்தான் கேரியின் தெருவுக்குப் பலம் கூடுகிறது. "ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்? என்னை அங்க எண்ணியாச்சு. என்னை இங்கயும் எண்ணினா அதுதான் பிழை" என்று உண்மையாகவே கோபப்பட்டேன்.

"அங்க ஆர் எண்ணினா எனக்கென்ன? உயிரோட இருக்கிற உன்னையே எண்ணக்கூடாது எண்டா, அந்த மனுசி தன்ர பொடியனை எப்பிடி எண்ணுறது?" என்றுவிட்டு அக்கா எனக்கு இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டா. என்னை ஒரு நாடும் எண்ணுகிறது, ஒரு வீடும் எண்ணுகிறது. அந்தப் பிள்ளையின் அண்ணனை ஒரு நாடும் எண்ணவில்லை, ஒரு வீடு மட்டும் எண்ணுகிறது. அந்த வீட்டையும் பிழை என்று சிவப்படித்தது நான் படிப்பித்த பாடம். இதை எந்த வகுப்பில் எப்படிச் சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படலையில் சைக்கிள் மணி கேட்டது. நிலானி. அதே மெசின், அதே தொழிற்சாலை. முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. வேலையில்லாத நாள்களில் மற்ற ஒழுங்கைகளையும் எண்ணுகிறாளாம். யாருக்காக என்று கேட்டேன். "ஒருத்தருக்காகவும் இல்லை சேர். நாங்கள் எண்ணாம விட்டா எண்ணினவை சொல்லுறதுதான் கணக்கெண்டு வந்திடும்" என்றாள். முதலில் எண்ணிய வீடுகளுக்கும் திரும்பப் போகிறாள். அக்கா கதிரை போட்டா. இருவரும் என்னைக் கவனிக்காததுபோல் தொடங்கினார்கள்.

"அன்ரி, வீட்டில எத்தனை பேர்?"

"நாலு."

"நேற்று இரவு எத்தனை பேர் சாப்பிட்டவை?"

"நாலு."

நிலானி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பை நான் பல மாதத்துக்குப் பிறகு கண்டேன். "இந்த வீடு முதல்முறையாச் சரி வந்திருக்கு சேர். எப்ப போறீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப நான் புதன்கிழமை வந்து கேட்டா, அன்ரி என்ன சொல்லுவியள்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகிற போக்கிலேயே சொன்னா.

"நாலு."